கேமரன் மலையில் வேகாத கடலை

அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாணமாகி மூன்று மாதம் முடிவதற்குள் இரண்டு பானை கருகியது, ஒரு சொதி திரிந்தது, ஒரு வாணலி தீப்பிடித்தது. இத்தனைக்கும் குடும்பத்தில் ஒரே ஆளின் பெயர்தான் அடிபட்டது. அது அக்காவின் பெயர்.

நான்காவதாக ஒன்று நடந்தது. டிசம்பர் விடுமுறையில், கேமரன் மலையில், எட்டுப் பேர் முன்னிலையில் நடந்தது. அன்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி ஒன்றின் நான்காவது மாடி. மின்தூக்கி கிடையாது. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். நான் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. வார நாட்களில் விடுதி. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கொமுட்டர் பிடித்துக் கிள்ளானுக்கு அம்மாவிடம் போவது வழக்கம். அதனால் இங்கே சொல்லப்போகும் விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் நேரடி சாட்சி. சிலவற்றைச் சாப்பிட்டும் இருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு எதற்காகச் சமைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜாலான் துன் சம்பந்தனில் நாலு எட்டு வைத்தால் வாழை இலைச் சாப்பாடு, இன்னும் நாலு எட்டில் புட்டு, அப்பம், ரொட்டி சானாய். முதல் மாதம் அவர்களும் அப்படித்தான் ஓட்டினார்கள். மாதக் கடைசியில் அத்தான் கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தார். சாப்பாட்டுக்குச் செலவழித்தது வீட்டு வாடகையை எட்டிப் பிடித்திருந்தது. மறுநாளே ஜாலான் ஸ்காட் பக்கம் போய் மஞ்சள் தூள், மல்லித் தூள், கடுகு, பருப்பு, கொண்டைக்கடலை என்று பை நிறைய வாங்கி வந்தார்கள். அந்தக் கொண்டைக்கடலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

இருவருக்கும் சமைக்கத் தெரியாது. அக்காவை அம்மா அடுப்படிப் பக்கமே விட்டதில்லை. "போய்ப் படி, இதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே எஸ்.பி.எம்., அப்புறம் மெட்ரிகுலேஷன், அப்புறம் பட்டம் என்று அனுப்பி வைத்தார். அத்தான் வீட்டில் அவர் குடித்த குவளையைக்கூட அவர் கழுவ வேண்டியதில்லை. ஆக, இருவருக்கும் ஒரே அளவு தெரியாது. ஆனால் சொந்தக்காரர்கள் அதைச் சொல்லும் விதம் வேறாக இருந்தது. அத்தானைப் பற்றிப் பேசும்போது, "பையனுக்கு என்னம்மா தெரியும்?" அக்காவைப் பற்றிப் பேசும்போது, "அம்மா என்னத்த சொல்லிக் கொடுத்து அனுப்பினாங்க?"

பானை கருகிய கதைகளில் சுவாரசியம் ஒன்றுமில்லை. இருவரும் கைப்பேசியில் இருந்தார்கள். அடுப்பு அதன் வேலையைச் செய்தது. சொதி திரிந்தது கொஞ்சம் பரவாயில்லை. சந்தானை ஊற்றி, அடுப்பைப் பெரிதாக வைத்து, கிளறாமல் விட்டு, அது கொதிக்கும்போதே எலுமிச்சையையும் பிழிந்துவிட்டார்கள். பத்து நிமிடத்தில் மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. தேங்காய்ப்பாலில் எண்ணெய் நுண்துளிகளாக மிதக்கிறது. அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தடுப்பது அவற்றைச் சுற்றியுள்ள புரதம். அதிகச் சூட்டிலும் புளிப்பிலும் அந்தப் புரதம் கட்டியாகிவிட்டால் எண்ணெய் தனியே பிரிந்துவிடும். அதனால்தான் பாட்டிமார் தலைப்பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிவிடச் சொல்கிறார்கள். எலுமிச்சை இறக்கிய பிறகு. நாங்கள் அன்று திரிந்த சொதியைத்தான் சாப்பிட்டோம். ருசி ஒன்றும் மோசமில்லை. கண்ணை மூடிக்கொண்டால்.

வாணலி தீப்பிடித்ததுதான் சிரிக்க முடியாத கதை.

அது நவம்பர் மாதம். சாயங்கால மழை. அப்பளம் பொரிக்க எண்ணெயைக் காய வைத்துவிட்டு, அக்கா அம்மாவோடு காணொலி அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார். அத்தான் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தார். நான் கூடத்தில் இருந்தேன். எண்ணெய் முதலில் புகைந்தது. அந்தப் புகைதான் எச்சரிக்கை என்று எங்கள் மூவரில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு சட்டென்று வாணலி முழுக்கத் தீ. அத்தான் செய்தது நம்மில் பெரும்பாலோர் செய்வதுதான். ஒரு ஜக்கை எடுத்துக் குழாயைத் திறந்தார்.

கதவு திறந்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். எதிர்வீட்டு மலாய் மக்சிக் புகை வாடை கண்டு எட்டிப் பார்த்தவர், "ஜாங்ஙான் ஆயேர்! ஜாங்ஙான் ஆயேர்!" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார். தண்ணீர் வேண்டாம். அடுப்பை அணைத்தார். பெரிய பானை மூடி ஒன்றை எடுத்து, தன் பக்கமிருந்து தள்ளுவதுபோல் வாணலியின் மேல் சரித்து மூடினார். தீ அடங்கியது. அத்தான் மூடியைத் தூக்கிப் பார்க்கப் போனபோது அவர் கையில் ஒரு தட்டு தட்டினார். அரை மணி நேரம் யாரும் அதைத் தொடக்கூடாது என்றார். பிறகு அக்காவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஜக்குத் தண்ணீர் வாணலியில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றிரவு ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் இறங்கும். எரிகிற எண்ணெயின் சூடு 300 பாகை செல்சியஸுக்கு மேல். தண்ணீர் அங்கே ஒரு நொடியில் ஆவியாகும். ஆவியானால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 1,700 மடங்காகப் பெருகும். அந்த ஆவி எரியும் எண்ணெயைத் துளித்துளியாக மேலே வீசும். அத்தனை துளியும் தீயாக விழும், அத்தான் முகத்திலும் பக்கத்தில் நின்ற அக்காவின் மேலும். இதைப் படிக்கிற உங்களில் விடுதியிலோ வாடகை வீட்டிலோ சமைப்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மறக்காதீர்கள்: எண்ணெய் எரிந்தால் அடுப்பை அணை, மூடியால் மூடு, வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. அடங்கவில்லை என்றால் வெளியேறிக் கதவைச் சாத்திவிட்டு 999.

சுவரில் கரி படிந்துவிட்டது. அக்காதான் அதைப் பார்த்துச் சிரித்து, "ஊர் பேரே செங்கல் சூளைதானடா, நாங்க என்ன பண்றது?" என்றார். அது உண்மைதான். 1881-ஆம் ஆண்டு ஒரு தீயும் ஒரு வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்த பிறகு, இனிக் கட்டடங்களைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்றானது. அந்தச் செங்கல்லைச் சுட்ட இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ்.

ஆனால் மறுவாரம் அத்தானின் பெரியம்மா வந்து கரிச் சுவரைப் பார்த்தபோது யாரும் சிரிக்கவில்லை. "படிச்ச பொண்ணு. அப்பளம் பொரிக்கத் தெரியல" என்றார். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றவரும் படித்தவர்தான். அதை அன்று நான் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது மலைக்கு வருவோம்.

நம் நாட்டுக்குக் குளிர்காலம் கிடையாது. டிசம்பர் என்றால் மழைதான். ஆனாலும் படங்களில் பனியைப் பார்த்துப் பார்த்து நமக்கு ஒரு ஆசை. அத்தானின் நண்பர்கள் புலனத்தில் ஒரு குழு தொடங்கி அதற்கு ‘விண்டர் டிரிப்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். எட்டுப் பேர், இரண்டு கார். அக்காவின் சீனத் தோழி ஒருவர், அத்தானோடு வேலை பார்க்கும் மலாய் நண்பர் ஒருவர், அவர்களுடைய பள்ளிக்கூட நண்பர்கள் இருவர், அதில் ஒருவரின் மனைவி, அப்புறம் ஒட்டிக்கொண்ட நான். கிள்ளானில் பண்டல் கடை ஏறி இறங்கி எல்லாரும் தடித்தடி ஜாக்கெட் வாங்கினோம். ஐரோப்பாவில் யாரோ போட்டுக் கழித்தவை. என்னுடையது முழங்காலைத் தொட்டது.

பிரிஞ்சாங்கில் ஒரு வாடகை வீடு எடுத்திருந்தோம். அங்கே அடுப்பு இருந்ததால் முதல் நாள் இரவு நாமே சமைப்பது என்று முடிவு. சப்பாத்தி வெளியில் வாங்கிக்கொள்ளலாம், கொண்டைக்கடலைக் குழம்பு மட்டும் வைத்தால் போதும். புறப்படும் காலையில் அக்கா குக்கரைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். அத்தான் காரின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு, "இடம் இல்ல. அங்க பானை இருக்கும், அதுவே போதும்" என்றார். உண்மையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை ஜாக்கெட்டுகள். அக்கா நான்கு மாடி ஏறிக் குக்கரைத் திரும்ப வைத்துவிட்டு வந்தார்.

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். அங்கிருந்து மேலே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுதான். லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிறுத்திப் படம் எடுத்தோம். ரிங்லெட்டைத் தாண்டியபோது கண்ணாடியை இறக்கினால் காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக ஆறு, ஏழு பாகை குறையும். பிரிஞ்சாங் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். கோலாலம்பூரில் 27 பாகை என்றால் அங்கே 17. நம் குளிர்காலம் அவ்வளவுதான், காரில் நான்கு மணி நேரப் பயணம். சரிவெங்கும் தேயிலை. 1885-இல் இந்த மேட்டு நிலத்தை அளந்தவர் வில்லியம் கேமரன்; 1929-இல் போ தோட்டம் தொடங்கியது. கொழுந்து பறித்த கைகளில் நம்மவர் கைகள் நிறைய. ஜாக்கெட் போட்டுக்கொண்டு படம் எடுக்கும்போது அது எனக்கு நினைவுக்கு வந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

மாலை ஐந்தரைக்குக் கொண்டைக்கடலையை ஊறப் போட்டார்கள். ஏழு மணிக்குப் பானையில் ஏற்றினார்கள். நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று அத்தான் தக்காளியையும் அப்போதே வெட்டிப் போட்டார். எட்டு மணிக்கு ஒரு கடலையை எடுத்து நசுக்கினால் நசுங்கவில்லை. அடுப்பைப் பெரிதாக்கினார்கள். எட்டரை. இன்னும் பெரிதாக்கினார்கள். தண்ணீர் வற்றியது, ஊற்றினார்கள். ஒன்பது மணிக்குப் பானை தளபுளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கடலை மட்டும் கோலிக்குண்டு போல இருந்தது. வாங்கி வைத்த சப்பாத்தி ஆறி அட்டையாகிவிட்டது. எட்டுப் பேருக்கும் பசி.

அத்தானின் நண்பர் ஒருவர் ஒரு கடலையை வாயில் போட்டுக் கடித்து, பல்லைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, இது சமைக்கவா, கல் சுண்டி விளையாடவா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "டேய், கல்யாணத்துக்கு முன்னாடி சமைக்கத் தெரியுமான்னு கேட்டியா இல்லையா?" அத்தானும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அக்கா கரண்டியை வைத்தார். அடுப்பை அணைத்தார். ஒன்றும் பேசாமல் கதவைத் திறந்து வெளியே மாடத்துக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் பின்னால் போனேன். மூடுபனியில் எதிரே கடைகளின் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அக்கா, இது உங்க தப்பு இல்ல. மலையில தண்ணி நூறு பாகைக்குக் கொதிக்காது. கீழயே கொதிச்சிடும். அதான் வேகல" என்றேன்.

அக்கா திரும்பினார். "இது உனக்கு இப்பதான் தெரியுமா, முன்னாடியே தெரியுமா?"

"ஃபார்ம் ஃபோர்லயே படிச்சிருக்கேன்."

"அப்ப ஏன்டா சிரிச்ச?"

எஸ்.பி.எம். இயற்பியலில் எனக்கு ஏ. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாயில் ஐந்து வருடம் படித்தவன். ‘தக்காட் டிடிஹ்’ என்றால் என்ன என்று கேட்டால் தூக்கத்திலும் வரையறை சொல்வேன். ஒரு திரவத்தின் ஆவி அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும் வெப்பநிலை. தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று. ஆனால் அந்த ‘தக்காட் டிடிஹ்’ பானையிலும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. பானையைப் பார்த்ததும் எனக்கும் எல்லாரையும் போலப் பானைக்கு முன்னால் நின்றவர்தான் தெரிந்தார். அக்காவுக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்கிறேன். பிரிஞ்சாங் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 85 விழுக்காடுதான். மேலே அழுத்தும் காற்று குறைவு என்பதால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாகை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆக அங்கே தண்ணீர் கொதிப்பது 95 பாகையில். எவரெஸ்ட் உச்சியில் என்றால் 70-ஐ ஒட்டி. முக்கியமான விஷயம் இதுதான்: கொதிக்கத் தொடங்கிய தண்ணீரின் சூடு அதற்கு மேல் ஏறாது. அடுப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, கடலைக்குக் கிடைப்பது அதே 95 பாகைதான். நாங்கள் எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை கேஸைத்தான் வேக வைத்தோம்.

வெறும் ஐந்து பாகை குறைந்தால் இவ்வளவு பாடா என்று கேட்கலாம். அக்கா வீட்டில் கடலையை வேக வைப்பது குக்கரில். ஆவியை அடைத்து வைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால் குக்கருக்குள் தண்ணீர் 120 பாகை வரை போகும். ஆகவே ஒப்பிட வேண்டியது 120-ஐயும் 95-ஐயும். பத்துப் பாகை குறைந்தால் வேதிவினையின் வேகம் தோராயமாகப் பாதியாகும் என்று சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் குக்கரில் 20 நிமிடத்தில் வேகும் கடலைக்கு அந்தப் பானையில் இரண்டு மணி நேரம் ஆகும். அதுவும் நன்றாக ஊறிய கடலைக்கு.

இங்கேதான் மலையின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது என்பதும் தெரிகிறது. கொண்டைக்கடலை இரவு முழுக்க ஊற வேண்டும். எங்களுடையது ஊறியது ஒன்றரை மணி நேரம், அதுவும் மலையின் குளிர்ந்த தண்ணீரில். தக்காளியை முதலிலேயே போட்டது அடுத்த தப்பு. கடலையின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் கடலை மெதுவாகும். புளிப்பு அதைக் கரையவிடாது. சாம்பாரில் பருப்பு வெந்த பிறகு புளி ஊற்றுவதன் காரணமும் அதுதான். மூன்றாவது, அந்தக் கடலை கல்யாணம் முடிந்த புதிதில் வாங்கியது. மாதக்கணக்கில் பிரிக்பீல்ட்ஸ் வெக்கையிலும் ஈரத்திலும் பையோடு கிடந்தது. சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் கிடக்கும் பயறு வகைகள் நாளாக நாளாக வேக மறுக்கும். ஆக, குக்கரை வேண்டாம் என்றது, தக்காளியைப் போட்டது, ஊற வைக்கத் தாமதித்தது, பழைய கடலை, மலை. இதில் ‘அண்ணிக்குச் சமைக்கத் தெரியாது’ என்பதை எந்த இடத்தில் வைப்பது?

பிறகு பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. எனக்கு அது தைத்தது. 1835 மார்ச்சில் சார்ல்ஸ் டார்வின் சிலியிலிருந்து ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடந்தார். இரவு தங்கிய இடத்தில் உருளைக்கிழங்கை வேக வைத்தார்கள். மணிக்கணக்கில் கொதித்தும் வேகவில்லை. இரவு முழுக்க அடுப்பிலேயே விட்டார்கள். காலையில் மறுபடி கொதிக்க வைத்தார்கள். அப்போதும் வேகவில்லை. கூட வந்த இருவரும் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பானை புதுசு, இந்தப் பாழாய்ப்போன பானைக்கு உருளைக்கிழங்கை வேக வைக்க மனசில்லை. டார்வினுக்கோ காரணம் தெரியும். காற்றழுத்தம் குறைவு, பாப்பின் கருவிக்கு நேர் எதிரான நிலை இது என்று எழுதி வைத்தார்.

அந்தப் பாப்பின்தான் நம் குக்கரின் பாட்டனார். டெனிஸ் பாப்பின், பிரெஞ்சுக்காரர். 1679-இல் லண்டனில், ஆவியை அடைத்துச் சமைக்கும் கனத்த பாத்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். வெடித்துவிடாமல் இருக்க ஒரு பாதுகாப்பு வால்வும் கண்டுபிடித்தார். 1682-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து ஒரு விருந்தே வைத்தார். எலும்புகூடப் பாலாடைக்கட்டி போல மெதுவாகிவிட்டது என்று அன்று சாப்பிட்ட ஒருவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சமைத்தவர் ஆண், சாப்பிட்டவர்கள் ஆண்கள். யாரும் அவர் அம்மா என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

மலைக்குத் திரும்புகிறேன். அன்றிரவு நாங்கள் மேகி சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். மெல்லிய மாவு இழை, 95 பாகையே அதற்கு அதிகம். பானையைக் கழுவியது அத்தான். குழாயில் ஐஸ் தண்ணீர் போல வந்தது. நான் துடைத்து வைத்தேன். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

காலையில் எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அத்தான், யாரும் கேட்காமலேயே, "குக்கரை வேணாம்னு சொன்னது நான்தான். தக்காளி போட்டதும் நான்தான்" என்றார். நேற்றைய நண்பர் தன் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, "சரி, கிளம்புங்க, தேயிலைத் தோட்டத்துல கூட்டம் சேர்ந்திடும்" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு, அழுகை என்று படத்தில் வருவதுபோல எதுவும் நடக்கவில்லை.

மதியம் அக்காவின் தோழி எங்களை ஸ்டீம்போட் சாப்பிட அழைத்துப் போனார். கேமரன் மலையில் அதற்குத்தான் பேர். மேசை நடுவில் கொதிக்கும் சூப். அதில் அவரவர் கீரை, காளான், மெலிதாகச் சீவிய கோழி, மீன் என்று போட்டு வேக வைத்து எடுத்துக்கொள்வது. மலாய் நண்பரும் வர வேண்டுமே என்று ஹலால் கடையாகத் தேடிப் பிடித்தார். கீரையெல்லாம் காலையில் பறித்தது. மெலிதாக வெட்டியதால் எதுவும் சில நிமிடங்களுக்கு மேல் ஆகவில்லை. மலையில் என்ன சமைக்க வேண்டும் என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எட்டுப் பேரும் அவரவருக்கு வேண்டியதை அவரவரே வேக வைத்தோம். என் மீன் துண்டு உடைந்து சூப்பில் கரைந்துபோனது.

வேகாத கடலையைக் கொட்ட அக்காவுக்கு மனம் வரவில்லை. ஒரு டப்பாவில் போட்டுக் கீழே கொண்டுவந்தார். மறுநாள் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டுக் குக்கரில் ஏற்றினார். விசில் அடங்கியதும் திறந்தால் கடலை விரலுக்கிடையில் வெண்ணெய் போல நசுங்கியது. அதைப் படம் எடுத்து ‘விண்டர் டிரிப்’ குழுவில் போட்டார். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அத்தான் சமைக்கிறார். நான் வெள்ளிக்கிழமையே கிள்ளானுக்குப் போகாமல் தங்கிவிடுகிறேன். வெங்காயம் உரிப்பதிலிருந்து தாளிப்பதற்கு முன்னேறியிருக்கிறேன். விடுதியில் என் அறை நண்பனுக்கு முட்டைச் சம்பல் வைத்துக் கொடுத்தேன். இன்னும் நண்பனாகத்தான் இருக்கிறான். அம்மாவிடம் சொன்னபோது, "நீ எதுக்குடா அடுப்படிக்கெல்லாம் போற?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் சம்பலில் புளி எவ்வளவு போட்டாய் என்று கேட்டார்.

போன சனிக்கிழமை அத்தானின் பெரியம்மா மறுபடியும் வந்திருந்தார். அன்று அத்தான் வைத்த சோறு குழைந்துவிட்டது. தண்ணீர் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. களி என்றே சொல்லலாம். சாம்பாரில் உப்பு போதவில்லை. பெரியம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, அக்கா பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தான் முந்திக்கொண்டு, "பெரியம்மா, இன்னைக்குச் சமையல் நான்" என்றார்.

பெரியம்மா முகம் மலர்ந்துவிட்டது. "நீயாப்பா வச்ச? பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கு! இன்னும் கொஞ்சம் சோறு போடு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் இந்த முறை சிரிக்கவில்லை. அக்காதான் சிரித்தார், தண்ணீர் புரையேறும் அளவுக்கு.